டிராக்டர்காரரின் கார்

இத்தாலியின் பொலோனியாவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனேன். அவள் கோபுரங்களைக் காட்டலாம் என்றாள். நான் லம்போர்கினி கார் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும் இருக்கும் சான்டகாட்டாவுக்குப் பஸ் ஏறலாம் என்றேன். இருபது வருடம் டிராக்டர் எஞ்சின் பிரித்துப் பூட்டியவனுக்கு, டிராக்டர் விற்றுப் பணக்காரரான ஃபெருச்சியோ லம்போர்கினியின் முதல் காரைப் பார்க்காமல் திரும்ப மனம் வருமா?

அந்தக் காரின் பெயர் 350 ஜிடி. 1964 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. இதற்கு முந்தைய மாதிரி வண்டியை 1963-இல் டூரின் கண்காட்சியில் வைத்தபோது உள்ளே எஞ்சினே இல்லை, எடைக்குச் செங்கல் அடுக்கிப் பானெட்டை மூடி வைத்தார்கள் என்பார்கள். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவசர டெலிவரி எல்லா ஊரிலும் இப்படித்தான்!

பொறியாளர் பிட்சாரினி வரைந்த 3.5 லிட்டர் வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். பந்தயத்துக்கான முரட்டுக் குணம் அதில். இன்னொரு பொறியாளர் டல்லாரா அதைச் சாலைக்கு ஏற்றபடி அடக்கினார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் ஆறு வெபர் கார்புரேட்டர்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். பானெட் தாழ்வாக இருப்பதன் ரகசியம் அது. ஆறையும் ஒரே சீராக ட்யூன் செய்ய வேண்டும். நினைத்தாலே என் விரல் வலிக்கிறது. உடல், மிலானின் டூரிங் நிறுவனக் கைவண்ணம்: மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின் மேல் அலுமினியத் தகடு.

முட்டைக் கண் மாதிரி விளக்குகள். அழகு என்று சொல்ல மாட்டேன். மகள் "தவளை மாதிரி இருக்குப்பா" என்றாள். கோபம் வந்தது, மறுக்க முடியவில்லை.