களிமண் என்று நம்பியதால் கெட்டுப்போன முதல் துளை

28 மீட்டரில் பாறை வெடிப்பு கிடைத்ததும் கம்ப்ரசர் காற்றோடு தண்ணீர் பீறிட்டது. வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தேன், நல்ல மஞ்சள், குரோமியக் கழிவின் நிறம். ரிக் என்னும் துளை போடும் வண்டியை ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழேயும் இறங்கிவிட்டது தம்பி" என்றார். நானும் அன்று மாலை குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன். அப்படி எழுதியது தவறு. அந்த மஞ்சளில் பாறைக்குள் ஏற்கெனவே இருந்தது எவ்வளவு, எங்கள் துளை வழியாக அன்று இறங்கியது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இடம் ராணிப்பேட்டை. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல், அங்கே குவிந்து கிடப்பது ஊரறிந்த செய்தி. அந்தக் குவியலிலிருந்து சரிவில் தள்ளியிருக்கும் ஒரு நிலத்தில் அடுக்கடுக்காக என்ன மண், என்ன பாறை, எந்த அடுக்கில் எந்தத் தண்ணீர் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அனுமதிக்கே மூன்று முறை அலைந்தோம். முதல் முறை புலப்படத்தில் உட்பிரிவு எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, "தண்ணீர் எடுக்கப் போடும் போருக்குத்தான் இந்தப் படிவம், பார்த்துவிட்டு மூடும் துளைக்கு வேறு" என்றார் எழுத்தர். அந்த வேறு படிவம் எது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, துளையின் ஆழம், விட்டம், மூடும் விதம் மூன்றையும் அதிலேயே குறித்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடுக்குகளைக் கணிக்கும் மின்தடை ஆய்வு இரண்டே நாளில் முடிந்தது. சிக்கல் அதன் படத்தைப் படித்ததில் வந்தது. 4 மீட்டரிலிருந்து 11 மீட்டர் வரை மின்தடை 10 ஓம்-மீட்டருக்கும் கீழே காட்டியது. பாடப்புத்தகத்தில் அது களிமண்ணுக்கு உரிய மதிப்பு. நீர் புகாத தடித்த களிமண் அடுக்கு ஒன்று குவியலுக்கும் பாறைக்கும் நடுவே காவலாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். உப்பு மிகுந்த கழிவுநீர் ஊறிய அடுக்கும் அதே மதிப்பைத்தான் காட்டும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. இது தெரியாத விஷயமல்ல. நல்ல செய்தி கிடைத்த மகிழ்ச்சியில் மறந்துபோனோம்.

அந்த நம்பிக்கையில்தான் கேசிங், அதாவது துளைச் சுவர் சரியாமல் இறக்கும் குழாய், விஷயத்தில் கோட்டை விட்டோம். விவசாய போர் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, 12 மீட்டரில் கெட்டிப் பாறை தட்டும் வரை குழாயை இறக்கி நிறுத்தினார் அண்ணன். குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை அடைக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை. களிமண் ஊதிக் குழாயை இறுக்கிக்கொள்ளும் என்று நினைத்தோம். அங்கே களிமண்ணே இல்லை. மறுநாள் மாதிரிப் பைகளைப் பிரித்து, 6 மீட்டர் தூளை நனைத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, திரளவில்லை. நறநறவென்று மணல், நடுவில் அபிரகம் மின்னியது. சிதைந்த பாறை. தண்ணீர் தாராளமாக ஓடும் அடுக்கு. மேலிருந்த மஞ்சள் தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நேராகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பை நிரம்பியவுடனே, ரிக் ஓடும்போதே, இந்தத் தேய்ப்புச் சோதனையைச் செய்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்போம்.

முதல் துளையை அன்றே மூடினோம். சிமெண்டுடன் கொஞ்சம் பென்டோனைட் (நனைந்தால் ஊதும் களிமண்) கலந்து, மெல்லிய குழாயை அடி வரை இறக்கி, அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். மேலே இருந்து கொட்டினால் நடுவில் பொந்து விழும். இரண்டாம் துளையைச் சற்றுத் தள்ளிப் பெரிய விட்டத்தில் தொடங்கினோம். கெட்டிப் பாறைக்குள் 2 மீட்டர் வரை போய் வெளிக் குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமெண்ட் பால் நிரப்பினோம். அது இறுகும் வரை ரிக் சும்மா நிற்க வேண்டும். அடிக்கணக்கில் கூலி வாங்கும் ரிக்காரருக்கு அது நஷ்டம். "ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தினால் எனக்கு யார் தம்பி கொடுப்பது?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காத்திருப்புக் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பக்கத்திலேயே மேல் அடுக்குக்குத் தனியாக ஒரு பீசோமீட்டர், அதாவது நீர்மட்டம் பார்க்கும் குழாய், வைத்தோம். அதில் சல்லிக்கு மேல் பென்டோனைட் உருண்டைகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டோம். அவசரப்பட்டுச் சட்டியோடு கவிழ்த்தால் பாதி வழியில் ஊதி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் எடை கட்டிய டேப்பை விட்டு ஆழம் பாருங்கள்.

அடுத்த அடி ஆய்வகத்திலிருந்து விழுந்தது. அவர்கள் கொடுத்த பாட்டில்களில் முன்கூட்டியே நைட்ரிக் அமிலம் இருந்தது. மொத்த குரோமியம் அளக்க அது சரி. ஆனால் நமக்கு வேண்டியது ஆறு இணைதிறன் கொண்ட, நஞ்சான குரோமியம். அமிலத்தில் அது மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடக்கூடும். சென்னை வரை கொண்டுபோன பெட்டி முழுவதும் வீண். இரண்டாம் முறை அமிலமில்லாத பாட்டிலில் வடிகட்டி எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்தோம். சனிக்கிழமை மாதிரி எடுக்காதீர்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

புதிய துளையில் 26 மீட்டரில் வெடிப்பு கிடைத்தது. வாளியில் தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆய்வக அறிக்கையில் மொத்த குரோமியம், குடிநீருக்கான லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் இது பாறையின் தண்ணீர்தான் என்று இப்போது கையெழுத்துப் போட முடியும். மேல் குழாயின் நீர்மட்டம் கீழ்க் குழாயுடையதைவிட 1.6 மீட்டர் உயரத்தில் நின்றது. அதாவது வழி கிடைத்தால் மேல் தண்ணீர் கீழேதான் போகும். முதல் துளையில் அந்த வழியை நாங்களே திறந்து வைத்திருந்தோம்.

நீரோட்டத்தின் திசை பார்க்க, சரிவில் இருந்த ஒரு பாட்டியின் திறந்த கிணற்றையும் சேர்த்து அளந்தோம். ஓட்டம் அந்தப் பக்கம்தான். மாட்டுக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்ட வேண்டாம் என்று சொன்னோம். "அதனால்தான் கண்ணு, பையன் ஆழமாக போர் போடச் சொல்லியிருக்கிறான், அடுத்த வாரம் வண்டி வருகிறது" என்றார். வழக்கமான போர், வழக்கமான கேசிங். அன்று இரவே அவர் மகனுக்குப் போன் செய்து, எங்கள் முதல் துளைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கீழ்த் தண்ணீரும் குடிக்க உதவாது என்பதையும் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டார்.