மியோ பாலத்தின் தூண்கள் மேலே ஏன் இரண்டாகப் பிரிகின்றன?

தெற்கு பிரான்சில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலாக ஏ75 நெடுஞ்சாலையைக் கொண்டுபோகும் மியோ பாலம் என்றாலே எல்லோரும் உயரத்தைத்தான் சொல்வார்கள். உச்சி வரை 343 மீட்டர், சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தூண்களின் மேல் 90 மீட்டர். அங்கே ஒவ்வொரு தூணும் முன்னும் பின்னுமாக இரண்டு மெல்லிய கால்களாகப் பிரிகிறது. பார்க்க அழகுதான், ஆனால் அழகுக்காக மட்டும் பொறியாளர் மிஷெல் விர்லோஷோ அப்படி வடிவமைக்கவில்லை.

சாலை ஓடும் தளம் 2,460 மீட்டர் நீள எஃகுப் பெட்டி. நடுவில் 342 மீட்டரில் ஆறு கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளி), ஓரங்களில் 204 மீட்டரில் இரண்டு. 40 டிகிரி வெப்பம் ஏறினால் இவ்வளவு எஃகு சுமார் 1.2 மீட்டர் நீளும்; முனைக்கு 60 சென்டிமீட்டர். தூண் தலை அதோடு போய்வர வேண்டும், அதற்குத் தூண் வளைய வேண்டும். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் லாரிகள் நெருங்கி நின்றால், தூணுக்கு மேலே தளத்தில் நின்று, தளத்தைப் பிடிக்கும் வடங்களைத் தாங்கும் கோபுரம் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும், பக்கத்துக் கண் மேலெழும்பும். அதைத் தடுக்கத் தூண் தலை திரும்பாமல் விறைத்து நிற்க வேண்டும். ஒரே தடித்த தூணில் இரண்டும் கிடைக்காது. பிரிந்த கால்களில் ஒன்றில் பாரம் கூடி மற்றொன்றில் குறையும்போது, தலை திரும்புவதற்கு எதிர்ப்பு கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து முன்பின் சாய்வதற்கோ அவை போதுமான அளவு மெல்லியவை. ஏழாம் தூணுக்குத்தான் சோதனை அதிகம்: உயரம் சுமார் 77.5 மீட்டர், இருப்பதிலேயே குட்டை. முனைக்கு அருகில் நிற்பதால் அதிகம் நகர வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

தூண்களை 4 மீட்டர் வார்ப்புகளாக, மூன்று நாளுக்கு ஒன்று வீதம் எழுப்பினார்கள். மேலே போகப் போகக் குறுக்குவெட்டு மாறுவதால், ஒவ்வொரு வார்ப்புக்கும் ஷட்டரிங்கைத் திருத்த வேண்டியிருந்தது.

36,000 டன் தளத்தைக் கிரேன் தூக்கவில்லை; இரு கரைகளிலிருந்தும் நகர்த்தினார்கள். கரையில் ஜாக் வைத்துத் தள்ளினால், தூண் தலையில் தளம் உட்காரும் ஒவ்வொரு தாங்கியிலும் எழும் உராய்வு தூண் தலையை முன்னே இழுக்கும், 245 மீட்டர் தூண் அடியில் விரிசல் விடும். அதனால் தள்ளும் கருவியையே தூண் தலையில் வைத்தார்கள். கீழ் ஆப்பை ஜாக் இழுக்க, மேல் ஆப்பு ஏறித் தளத்தைத் தூக்கும். பிறகு மேல் ஆப்பு தளத்தோடு 60 சென்டிமீட்டர் முன்னே வழுக்கும். கீழ் ஆப்பு விலகத் தளம் இறங்கி உட்காரும், மேல் ஆப்பு காலியாகத் திரும்பும். சுற்றுக்கு நான்கு நிமிடம். உராய்வும் ஜாக்கின் எதிர்விசையும் அதே தூண் தலையில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு கருவி பின்தங்கினாலும் தளம் அந்தத் தூணை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எல்லாவற்றையும் கணினி ஒரே தாளத்தில் ஓட்டியது.

342 மீட்டர் வெளியை அப்படியே தாண்ட முடியாது என்பதால் கண்களின் நடுவே ஏழு தற்காலிக எஃகுச் சாரத் தூண்கள் நின்றன. ஆற்றின் மேலுள்ள கண்ணில் மட்டும் அது இல்லை. அங்கேதான் 28 மே 2004 அன்று இரு பாதிகளும் சந்தித்தன. முனைகள் தொங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பாதியிலும் ஒரு கோபுரத்தையும் சில வடங்களையும் முன்பே பொருத்தித்தான் நகர்த்தியிருந்தார்கள். மீதி ஐந்து கோபுரங்களைப் படுக்கவைத்துத் தளத்தின் மேல் கொண்டுபோய் நிமிர்த்தினார்கள். கோபுரத்துக்கு 11 ஜோடி வடங்கள் முறுக்கேற, பாரம் அவற்றுக்கு மாறியது. அதன் பிறகே சாரத் தூண்களைப் பிரித்தார்கள்.