ஃபிளாட்டா, லைன் வீடா: வாடகைக்கு இடம் வாங்க நாங்கள் போட்ட கணக்கு

பூர்வீக நிலம் விற்றதில் கையில் 70 லட்சம் சுமார் இருந்தது. கடன் வாங்காமல் கோவையிலேயே வாடகை வருகிற மாதிரி ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் தேவை. பார்த்ததில் கடைசிவரை நின்றவை இரண்டு: சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், கணபதியைத் தாண்டி உள்ளே 4 சென்டில் ஐந்து வாசல், அதாவது ஒரே வரிசையில் ஐந்து சின்ன வீடுகள் வைத்த லைன் வீடு. மெயின் ரோட்டுக் கடை ஒன்றும் வந்தது. பக்கத்துக் கடைகளில் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்ததால் அதை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

ஃபிளாட் 58 லட்சம், வாடகை 18,000. "வருசத்துக்கு 2.16 லட்சம், 3.7 பர்சென்ட் வந்துருதுங்க்கா" என்றார் புரோக்கர். கணக்கு சரிதான், ஆனால் அது அவருடைய கணக்கு. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதோடு கமிஷன் 1 சதவீதம். 58 என்பது 63.8 லட்சமாகிவிடும். வரவிலும் அந்த 18,000-க்குள்ளேயே மாதம் 3,000 மெயின்டனன்ஸ் அடக்கம். ஆள் மாறும்போது வருசத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைத்து, சொத்து வரியும் சில்லறை ரிப்பேரும் கழித்தால் 1.41 லட்சம்தான் மிஞ்சுகிறது. 2.2 சதவீதம். அடியில் இருக்கும் மனையில் நம் பேருக்கு வரும் பிரிபடாத நிலப்பங்கோ 420 சதுர அடி, ஒரு சென்ட்கூட இல்லை.

லைன் வீட்டுக்கு 60 லட்சம் கேட்டார்கள். வாசலுக்கு 5,500 வீதம் மாதம் 27,500, ஐந்தும் எப்போதும் ஃபுல் என்று ஓனர் சொன்னார். அதை எப்படிச் சரிபார்ப்பது? வாடகைக்கு ரசீது கிடையாது. நான் ஐந்து மீட்டருக்கும் ஈ.பி. சர்வீஸ் நம்பர் வாங்கி, பழைய ரீடிங்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீடுகளுக்குப் பில் பூஜ்யமாகவே வரும். அதனால் தொகையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, யூனிட்டைப் பார்க்க வேண்டும். நான்கு மீட்டரில் 80, 95, 110 என்று ஓடியிருந்தது. நாலாவது வாசலில் மட்டும் தொடர்ந்து 0, 3, 2. ஆள் இருந்தால் ஒரு ஃபேன் சுற்றினாலே அதைவிடக் கூடுதலாக ஓடும். விசாரித்தால், மழைக்கு மேல்தளம் ஒழுகி யாரும் தங்குவதில்லையாம். விலை பேச ஆரம்பித்த பிறகுதான் புதிதாக ஆள் வந்திருந்தார்கள்.

அடுத்தது போக்கியம்: மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, கெடு முடிந்ததும் அதை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்வது. கடைசி வாசல் அம்மாவிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "நாங்க வாடகைக்கு இல்லீங், நாலு லட்சம் போக்கியத்துக்கு இருக்கறோம்" என்றார். 30 வருட வில்லங்கச் சான்றில் இது இல்லை. பதிவு செய்யாத போக்கியம் வில்லங்கத்தில் ஏறாது. ஆனால் கெடு முடிந்ததும் அந்த 4 லட்சத்துக்கு அவர்கள் நம் வாசலில்தான் வந்து நிற்பார்கள். குடியிருப்பவர்களிடம் ஓனர் இல்லாதபோது பேசிவிட்டு வருவது நல்லது. வக்கீலுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். பத்திரச் செலவு, கமிஷன், மேல்தளத்துக்கு ஒன்றரை லட்சம் சேர்த்தால் 67.5 லட்சம். ஐந்து வாசலும் வாடகைக்கு ஓடினால் வருசத்துக்கு 3.30 லட்சம். ஒவ்வொரு வாசலும் ஒரு மாதம் காலி என்று கழித்து, வரி, மோட்டார் கரண்ட், செப்டிக் டேங்க் வண்டி, ரிப்பேர் எல்லாம் போக 2.18 லட்சம். 3.2 சதவீதம். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், சரிதான். வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்துக்கு வருமான வரி கிடையாது, டெபாசிட் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படிப் பார்த்தாலும் டெபாசிட்தான் முந்துகிறது. வாடகையை மட்டும் பார்த்து இடம் வாங்கினால் இந்த ஊரில் கட்டுப்படியாகாது, மீதியை நிலம்தான் தர வேண்டும். அதனால்தான் 420 சதுர அடிப் பங்கைவிட நம் பேரில் பட்டா வரும் 4 சென்ட் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கட்டடம் விழுந்தாலும், ஃபிளாட் மாதிரி மற்ற பங்குக்காரர்களைக் கேட்காமல் அங்கே மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஒன்று காலியானாலும் நாலு வாசல் வாடகை வரும். பதிலுக்கு ஐந்து வீட்டுத் தண்ணீர்ச் சண்டையும் நம் தலையில் என்பது தெரிந்தேதான் இறங்கினோம்.

விலையில் ஓனர் இறங்கவில்லை. ஆனால் 60 லட்சத்தில் 4 லட்சத்தைப் போக்கியத்தைத் திருப்ப நிறுத்தி வைத்ததாகப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டோம். அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடம் கெடு இருக்கிறது. அதுவரை அந்த 4 லட்சம் டெபாசிட்டில் மாதம் 2,200 மாதிரி வட்டி தரும். வாடகையாக இருந்தால் 5,500 வந்திருக்கும். ஆக, என் 3.2 சதவீதக் கணக்கு அவர் கெடு முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.