சித்தப்பாவின் கல்லீரல்: ஜனவரி குறிப்புகள்

ஜனவரி 8, புதன்

சித்தப்பாவை ஏற்காட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, சேலத்தில் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று. காப்பிப் பழம் பறிப்பு பாதியில் நிற்கிறதே என்றுதான் வழியெல்லாம் புலம்பல். அவருக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, பல வருடமாக உண்டு. கல்லீரலின் ஆறாம் பகுதியில் 4 செ.மீ. புற்றுக்கட்டி, அதை ஒட்டி இரண்டு சிறு புள்ளிகள். போன் செய்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் "கட்டி எவ்வளவு பெருசு?" என்கிறார்கள். டாக்டரோ அளவைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில்தான் வெகுநேரம் நின்றார்.

ஜனவரி 11, சனி

அந்தச் சிரையை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று டாக்டரிடம் இன்று உட்கார்ந்து கேட்டேன். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; மிச்சம் தமனியில். நல்ல ஈரல் பெரும்பாலும் போர்ட்டல் ரத்தத்தில் வாழ, வளர்ந்த புற்றுக்கட்டி தமனி ரத்தத்தை இழுக்கிறது. அதனால்தான் ஸ்கேன் மருந்து ஏறியதும் கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகிறது.

சரி, கட்டிக்குள் போன ரத்தம் எங்கே வடிகிறது? பெரும்பாலும் பக்கத்துப் போர்ட்டல் நுண்கிளைகளுக்குள். உதிர்ந்த புற்றுச் செல்களும் அதோடு போய், அதே கிளை பாயும் இடத்தில் தங்கிப் புதுக் கட்டியாகின்றன. வாய்க்காலில் விழுந்த களை விதை அந்த வாய்க்கால் பாயும் வயலில்தானே முளைக்கும்? சில பேருக்குக் கட்டியே குழாய்க்குள் நீண்டு, பெரிய சிரை வரை வளர்ந்து மறுபக்க ஈரலுக்கும் செல்களை அனுப்புகிறது. ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஈரல் சிரைக்குள் புகுந்துவிட்டால் இதயம் தாண்டி நுரையீரல்தான்.

சித்தப்பாவின் இரண்டு புள்ளிகளும் இப்படி வந்தவையாக இருக்கலாம். சுருங்கிப்போன ஈரலில் தனித்தனியாகவும் புற்று தோன்றுமாம். ஸ்கேனை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம் என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் பேருக்குத்தான் நடந்தது. நல்ல சேதி: பெரிய சிரைகளில் ஒன்றும் இல்லை, ஈரல் வேலையும் பரவாயில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். கட்டியை மட்டும் தோண்டி எடுக்காமல், அது இருக்கும் இடத்துக்கான போர்ட்டல் கிளை பாயும் பகுதி முழுவதையும் எடுப்பார்களாம். ஈரலை எட்டுப் பகுதியாகப் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் அறுவை மருத்துவர் குய்னோ. 1980களில் ஜப்பானின் அறுவை மருத்துவர் மகுச்சி, போர்ட்டல் கிளைக்குள் சாயம் செலுத்தி, நிறம் ஏறிய எல்லைப்படி வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது.

ஆனால் நுண்குழாய்க்குள் புகுந்த செல்கள் ஸ்கேனில் தெரியாது. எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல், கண்காணிப்பும் நெருக்கமாக வேண்டும். பயாப்சி ரிப்போர்ட்டில் முதலில் அந்த வரியைத்தான் தேடப்போகிறேன்.

நாளைக் காலை சித்திக்கும் தம்பிக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை. இல்லை என்று வந்தால் அப்படியே தடுப்பூசி.