இன்னொரு காது

நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்கும் நேரலை டிவி நிகழ்ச்சிகளின் கட்டுப்பாட்டு அறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சன் மியூசிக் இல்லை, வேறொரு சின்ன சேனல். ஆனால் எங்கள் அறையில் ஒரு டிவியில் எப்போதும் சன் மியூசிக் ஓடும். தொகுப்பாளர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை அதன் முன்னால் உட்கார வைத்து, அதன் தொகுப்பாளர் ஒருவரைக் காட்டி, "ஆனந்த கண்ணனைப் பாருங்க" என்பார் தயாரிப்பாளர். அவ்வளவுதான் பயிற்சி.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் அரட்டை. உள்ளேயோ, தொகுப்பாளர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் நாங்கள் கத்திக்கொண்டே இருப்போம். "பாட்டு ரெடி இல்ல, கொஞ்சம் இழுங்க." "போதும், முடிங்க." அதே நேரத்தில் நேயர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே டிவியைச் சத்தமாக வைத்திருப்பார். தன் குரலே சற்றுத் தாமதமாகத் திரும்பி வர, குழம்பிப்போய் பாதியில் நிறுத்திவிடுவார். "டிவி சவுண்டைக் கொறைங்க" என்று நாங்கள் சொல்லாத நாளே கிடையாது.

இதில் புதியவர்கள் திணறிப்போவார்கள். எங்கள் குரலுக்கு கேமரா முன்னாலேயே தலையாட்டுவார்கள். நேயர் சொன்ன ஊரை மறுபடியும் கேட்பார்கள். ஆனந்த கண்ணனுக்கு இப்படி இன்னொரு காது இருப்பதே வெளியே தெரியாது. நேயர் வாயடைத்துப்போனால் சிரித்துக்கொண்டே பேச்சு எடுத்துக்கொடுப்பார். அந்தச் சிரிப்பை எங்கள் பிள்ளைகள் பலர் காப்பியடித்தார்கள். "சிரிப்பை விடுங்கப்பா, அவர் எப்படிக் காது கொடுத்துக் கேக்கறார்னு பாருங்க" என்று தயாரிப்பாளர் எரிந்து விழுவார்.

ஆனந்த கண்ணன் சிங்கப்பூர்க்காரர். அங்கே வசந்தம் என்ற தமிழ் டிவி சேனலில் இருந்துவிட்டு சன் மியூசிக்குக்கு வந்தார். சன் டிவியின் சிந்துபாத் தொடரில் நாயகனாக நடித்ததும் குழந்தைகளும் ரசிகர்களாகிவிட்டார்கள். அப்புறம் ஊர் திரும்பி, அங்குள்ள பிள்ளைகளுக்கு நாடகமும் நம் நாட்டுப்புறக் கலைகளும் சொல்லிக்கொடுத்தார். சென்னையில் கிடைத்த புகழைவிட இதுதான் பெரிய வேலை என்பது என் எண்ணம். 2021 ஆகஸ்ட் 16 அன்று புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 48தான்.

எங்கள் சேனலுக்கு வந்த அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "என்ன பாட்டு வேணும்?" என்றால், "ஏதாவது போடுங்க சார்" என்பார்கள். லைன் கிடைக்க அவ்வளவு நேரம் முயன்றவர்கள் பாட்டை யோசித்தே வைத்திருக்க மாட்டார்கள். இப்போது கேட்ட பாட்டை போனே போட்டுவிடுகிறது. அந்த "ஏதாவது போடுங்க" ஆட்கள் எங்கே போனார்கள் என்றுதான் தெரியவில்லை.