பழைய புடவைகள் போதும்

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வரும் பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் ஞாயிறுதோறும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று என் வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லை.

வருபவரிடம் கண்காணிப்பாளர் அக்கா முதலில் கேட்பது, "சாப்டியாம்மா?" அடுத்து அவருடைய செல்பேசியை வாங்கி, இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்து, கூகுள் கணக்கு கணவருடைய பேசியிலும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாள் இரவு வந்த பெண்ணிடம் மகளின் பள்ளிப் பை மட்டும் இருந்தது. பாடப் புத்தகங்களை எடுத்துவிட்டு, குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, ஒற்றைக் கொலுசு ஆகியவற்றை அதில் திணித்திருந்தார்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகே காப்பகத்தில் சேர்ப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளின்படி, குடும்ப வன்முறை அறிக்கை முன்கூட்டியே பதிவாகவில்லை என்ற காரணத்துக்காக அடைக்கலம் மறுக்கக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தாலே வழி காட்டுவார்கள். அதே சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தான் வாழ்ந்துவந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் தருகிறது. அப்படியிருக்க, அடித்தவர் வீட்டில் இருக்க, அடிபட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது ஏன் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தங்குவது சில நாள் அவசரத்துக்கானது. வீக்கம் அதற்குள் வடியலாம். வங்கிக் கணக்கும் வேலையும் அதற்குள் வந்துவிடுமா? குழந்தையின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பழைய பள்ளிக்குப் போனால் தந்தைக்குத் தகவல் எட்டிவிடும். சான்றிதழ் தாமதமாவதைக் காட்டித் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை, தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் உடன் போக வேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மகனைத் தாயோடு தங்கவைக்கப் பல காப்பகங்களில் அனுமதியில்லை என்பதால், மகனை விட்டு வர மனமின்றி அடியை வாங்கிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

நன்கொடையாக வருபவை பெரும்பாலும் பழைய புடவைகளும் பிறந்தநாள் பிரியாணியும்தான். குறை சொல்லவில்லை, ஆனால் அலமாரியில் இடமில்லை. எப்போதும் பற்றாக்குறையாக இருப்பவை புதிய உள்ளாடைகள், நாப்கின்கள், நீதிமன்றத்துக்குப் போய்வர ஆட்டோ கட்டணம், இரவுக் காவலாளியின் சம்பளம் ஆகியவை. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, வெளியேறும் நாளில் வாடகை வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம். முன்பணம் கையில் இருந்தாலும், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

பள்ளிப் பையோடு வந்தவருக்கு ஏழாவதாகப் பார்த்த வீடு சென்ற மாதம் அமைந்தது. முன்பணத் தொகைக்குக் கீழே கணக்கில் நான் எழுதிய அடுத்த வரி: பூட்டு ஒன்று, சாவி இரண்டு, 180 ரூபாய்.