சொட்டாத கசிவு

அக்டோபர் 9, 2024. கிங்மேன், அரிசோனா

ஏழெட்டு முறை சாவியைத் திருப்பிய பிறகுதான் எஞ்சின் உயிர் பிடித்தது. நேற்று மாலையும் 40-ஆம் எண் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இருமுறை இழுவை விட்டது. எங்கள் மோட்டார்ஹோம், அதாவது சக்கரத்தில் ஓடும் வீடு, 1997-இல் செய்தது, 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் பின்கோடியில், டீசல் டேங்க் முன்பக்கம். நடுவே ஏறக்குறைய 25 அடி ரப்பர் குழாய்.

டீசல் பில்டரை மாற்றினேன். தண்ணீர் பிரிக்கும் பில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீரும் இல்லை, பாசிக் கசடும் இல்லை.

அக்டோபர் 10

இங்குள்ள பட்டறையில் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், இன்ஜெக்‌ஷன் பம்ப் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்) போய்விட்டது என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சோதிக்காமல் எப்படி அதன்மேல் பழி போடுவது?

இரவு சங்ககிரியில் இருக்கும் சித்தப்பாவை அழைத்தேன். காலமெல்லாம் லாரி எஞ்சின் பிரித்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "கண்ணு, ராத்திரி வண்டி முன்பக்கம் இறங்கி நின்றதா, ஏறி நின்றதா?"

யோசித்தேன். மக்கர் செய்த மூன்று காலையும் வண்டி இறக்கத்தைப் பார்த்துத்தான் நின்றது.

"அப்படியானால் ஏர் எடுக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் பார்."

விளக்கியபோது புரிந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அனுப்புவது ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அதுவரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். நிறுத்தியதும் அந்தக் காற்று வழிவிட, டீசல் தாழ்வான டேங்குக்கே திரும்பி ஓடிவிடுகிறது. கீழே ஒரு சொட்டும் விழாது.

அக்டோபர் 11

ஐந்து கேலன் கேனை எஞ்சின் அருகே வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குச் சிறு குழாய் கொடுத்தேன். பம்பில் கையால் டீசல் ஏற்றும் ரப்பர் பொத்தானைக் கட்டைவிரலுக்கு இறுகும் வரை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. ஒரு மணி நேரம் ஓடியும் சிறு நடுக்கம்கூட இல்லை. பம்புகள் இரண்டும் நிரபராதிகள்!

மறுபடி டேங்க் இணைப்பைக் கொடுத்து, பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும்படி ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்தேன். கடுகளவு குமிழ்கள் வரிசையாக வந்தன. வேகம் கூட்டினால் மிளகளவு. இனி டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயா, வெளிக் குழாயா என்பது மட்டுமே கேள்வி. டேங்கின் மேல் இணைப்பிலிருந்து எஞ்சின் வரை புதுக் குழாய் ஒன்றைத் தரையிலேயே இழுத்துவிட்டேன். குமிழ் நின்றது.

அக்டோபர் 13

பழைய குழாயை உருவ அரை நாள் ஆயிற்று. பின் அச்சுக்கு மேலே, இரும்புப் பட்டை நெரித்த இடத்தில் அதை வளைத்தபோதுதான் வெடிப்புகள் வாய் திறந்தன, யானைத் தோல் போல. நேராக விட்டால் மூடிக்கொள்கின்றன. துணியால் துடைத்தேன், ஈரமே இல்லை.

முழு நீளத்தையும் மாற்றினோம். பாதியை மட்டும் மாற்றலாமே என்றார் கணவர். நான் சம்மதிக்கவில்லை.

அக்டோபர் 15. பிளாக்ஸ்டாஃப்

2,100 மீட்டர் உயரம் வரை ஒரு திணறலும் இல்லை. நேற்றிரவு வேண்டுமென்றே முன்பக்கம் இறங்க நிறுத்தினேன். காலையில் முதல் திருப்பலிலேயே பிடித்தது. குமிழ் பார்க்கச் சேர்த்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டேன். டீசலில் அது நாளடைவில் விறைத்து வெடிக்கும்.

ஜெனரேட்டருக்கு அதே டேங்கிலிருந்து தனிக் குழாய் போகிறது. அதற்கும் இதே வயது. நாளை அதைக் கழற்ற வேண்டும்.